இரண்டு வயதுப் பிள்ளையோடு ஹோட்டலுக்கா? கொழும்பில் பெற்றோர் விடும் பிழைகள்

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டு நாள் எங்கேயாவது போய் ஆறுதலாக இருந்துவிட்டு வருவோம் என்று மனைவியும் நானும் முடிவெடுத்தோம். நுவரெலியா என்றால் மலை வளைவுகளில் ஐந்தாறு மணிநேரம் அவளைக் காரில் இருத்தி வைக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. ஆகவே கொழும்புக்குள்ளேயே ஒரு ஹோட்டல். மாமிக்கு அது விளங்கவேயில்லை. "வெள்ளவத்தையில வீட்டை வச்சுக்கொண்டு, காசைக் குடுத்துப் பக்கத்து ரோட்டில போய்ப் படுக்கப் போறியளே?" என்று கேட்டார்.

அடுத்த நாள் விடியப்புறம் நான்கு மணிக்கு, ஹோட்டல் வரவேற்பறைச் சோபாவில் மகளை மடியில் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்தபோது மாமி சொன்னது நினைவுக்கு வந்தது. ஹோட்டலை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனது நாங்கள்தான். அதற்குப் பிறகு நான்கைந்து தடவை போய் வந்துவிட்டோம். சிநேகிதர்களும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்திறங்கும் மச்சான்மாரும் அதே பிழைகளை வரிசையாக விடுவதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

"பிள்ளைகளுக்கு வசதி இருக்கா?" என்று கேட்பது

இப்படிக் கேட்டால் "ஓம், இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. விளம்பரத்தில் வரும் விளையாட்டறை, ஓவியம் வரைதல், வீடியோ கேம் எல்லாம் பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானவை. இரண்டு வயதுக்காரி அங்கே போனால் கிரேயோனைத் தின்பாள். அந்த வயதில் பிள்ளைக்குத் தேவை மூன்றே மூன்று: வழக்கமான நேரத்தில் நித்திரை, வழக்கமான நேரத்தில் சாப்பாடு, ஓடித் திரியக் கொஞ்சம் தரை. ஹோட்டல் இந்த மூன்றையும் குழப்புமா, குழப்பாதா என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் எங்கள் ஆசைக்கு.

ஒரே ஒரு இரவுக்குப் போவது

எல்லோரும் விடும் பிழை இது. ஆக நட்டமானதும் இதுதான். பெரும்பாலான ஹோட்டல்களில் அறை தருவது பின்னேரம் இரண்டு மணிக்கு. விட்டுக் கொடுக்க வேண்டியது அடுத்த நாள் பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ. இப்போது பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு, பகல் நித்திரையும் சேர்த்து, நாளுக்கு 11 முதல் 14 மணிநேர நித்திரை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பகல் நித்திரை வருவது அநேகமாக மதியம் பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில். முதல் நாள் அந்த நேரத்தில் நீங்கள் வரவேற்பறையில் சாவிக்குக் காத்திருப்பீர்கள். இரண்டாம் நாள் அதே நேரத்தில் பெட்டியோடு வெளியே நிற்பீர்கள். இரண்டு பகல் நித்திரையும் போய்விட்டால் மிஞ்சுவது கட்டிய காசும் பிள்ளையின் அழுகையும்தான்.

இதற்கு மேல் கொழும்பு வீதி. அரச பாடசாலைகள் ஒன்றரைக்கு விடுகின்றன. பம்பலப்பிட்டிப் பக்கமோ பொரளைப் பக்கமோ அந்த நேரத்தில் அகப்பட்டால் பத்து நிமிடப் பயணம் முக்கால் மணிநேரமாகும். பிள்ளை காரிலேயே பதினைந்து நிமிடம் கண்ணயர்ந்துவிடும். அது நித்திரைக் கணக்கில் சேராது, ஆனால் உண்மையான நித்திரையைக் கெடுத்துவிடும்.

ஆகவே இரண்டு இரவு பதிவு செய்யுங்கள், நடுவில் ஒரு முழு நாளாவது கிடைக்கும். ஒரு இரவுக்குத்தான் வசதி என்றால், பதியும்போதே "பிள்ளை மதியம் நித்திரை கொள்ளும், பன்னிரண்டு மணிக்கே அறை தர ஏலுமா?" என்று கேட்டு, சம்மதத்தைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வாங்குங்கள். கிழமை நாட்களில் கேட்டால் பல இடங்களில் சும்மாவே தருவார்கள். சனிக்கிழமை தரமாட்டார்கள், ஏனென்றால் அன்றைக்குக் கல்யாணம்.

கல்யாண மண்டபத்துக்கு மேலே படுப்பது

கொழும்பில் பெரிய ஹோட்டல் என்றால் பாதி கல்யாண மண்டபம்தான். எங்களுக்கு நடந்ததும் அதுதான். அறை மூன்றாம் மாடி, வரவேற்பு விருந்து இரண்டாம் மாடி. பாட்டு முடிய நள்ளிரவு. பிறகு ஆட்கள் லிஃப்ட் வாசலில் நின்று விடைபெற்றது இன்னொரு மணிநேரம். எங்கள் வீட்டில் யாராவது விடைபெறுவதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியும். மகள் நித்திரை கலைந்து எழும்பினவள், பிறகு படுக்கவேயில்லை. காலை ஒன்பது மணிக்கு அடுத்த கல்யாணத்துக்குக் கண்டிய மேளக்காரர் வரவேற்பறையிலேயே தொடங்கினார்கள். அதற்கு மட்டும் அவள் கைதட்டி ஆடினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

போன் எடுத்து, "அந்தத் திகதியில் மண்டபத்தில் விழா இருக்கா, எத்தனையாம் மாடியில்?" என்று கேளுங்கள். இருக்கென்றால் மறுபக்கத்து, மேல் மாடி அறை கேட்கலாம். லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இன்னொரு வழி, போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் போவது. அன்று மதுபான விற்பனைக்குத் தடை என்பதால் பார் மூடியிருக்கும், பாட்டுக் கச்சேரியும் குறைவு.

கடல் தெரிகிறது என்பதைக் கடற்கரை என்று நினைப்பது

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் தவறாமல் ஏமாறும் இடம் இது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கடலோர ஹோட்டல் அறையில் யன்னலைத் திறந்தால் கடல் தெரியும், உண்மைதான். ஆனால் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவில் மரைன் டிரைவ் வீதி, அதற்கப்பால் கரையோர ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கல். மணல் வீடு கட்டலாம் என்று வாளியும் கரண்டியும் கொண்டுவந்தால், கட்டுவது கட்டிலில்தான். தெஹிவளை, கல்கிசைப் பக்கம் மணல் உண்டு. அங்கேயும் பல இடங்களில் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும், தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு. பிறகு ரயில் ஹோர்ன். பெரியவர்களுக்கு இரண்டாம் நாள் பழகிவிடும், பிள்ளைக்குப் பழகாது. சில பிள்ளைகளுக்கு ரயில் பார்ப்பதே பெரிய கொண்டாட்டம் என்பதும் உண்மை. உங்கள் பிள்ளை எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கடலில் இறங்குவதாக இருந்தால் காலத்தையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும். அந்த மாதங்களில் நீர்கொழும்பிலோ பெந்தோட்டையிலோ அறை எடுத்தாலும் பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கொழும்புக் கடலோரத்துத் திறந்தவெளியான காலிமுகத்திடல் ஓடித் திரியத் திறம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பட்டமும் காற்றுமாக இருக்கும். அங்கே விற்கும் இறால் வடையின் உறைப்பை மட்டும் பிள்ளைக்குக் காட்டாதீர்கள்.

அறையை நின்றபடி பார்ப்பது

ஹோட்டல் படங்கள் எல்லாம் நிற்கும் ஆளின் கண் உயரத்தில் எடுக்கப்பட்டவை. பிள்ளையின் உயரம் இரண்டரை அடி. அறைக்குள் போனதும் நான் முதலில் செய்வது முழங்காலில் நின்று ஒரு சுற்று வருவது. கேத்தில் வயர் மேசை விளிம்பில் தொங்கும். கண்ணாடி மேசையின் கூர் மூலை நெற்றிக்கு நேராக இருக்கும். குட்டி ஃபிரிஜ்ஜுக்குள் கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். ஊழியரைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துப் போவார்கள். புதிய சதுரத் துளை பிளக்கின் உள்ளே மூடி இருக்கும். பழைய கட்டடங்களின் வட்டத் துளை பிளக்கில் அது இல்லை, ஒட்டுநாடா கொண்டுபோங்கள்.

பல்கனி அறை வேண்டாம் என்பது என் பிடிவாதம். கம்பிகளுக்கிடையே பத்து சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிள்ளை நுழையப் பார்க்கும். இடைவெளி சரியாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தால் போதும், ஏறிவிடும். பல்கனி கட்டாயம் என்றால் கதிரைகளை உள்ளே எடுத்துவிட்டு, கதவின் பூட்டு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டில் கட்டில் வேண்டுமென்றால் பதியும்போதே கேட்க வேண்டும், போன பிறகு கேட்டால் "எல்லாம் குடுத்தாச்சு" என்பார்கள். இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு நடுவில் பிள்ளையைக் கிடத்தும் வழக்கம் எங்களிடம் உண்டு. இரவில் கட்டில்கள் மெல்ல விலகி, பிள்ளை அந்த இடைவெளிக்குள் இறங்கும். மெத்தையைத் தரையில் இழுத்துப் போடுவது பார்க்க அழகில்லை, பாதுகாப்பானது. குளியலறையில் ஷவர் மட்டும் என்றால் ஒரு வாளியும் கோப்பையும் கேளுங்கள். தலைக்கு மேலே திடீரென்று தண்ணீர் கொட்டினால் பிள்ளை அலறும். பிள்ளை உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், வெளியிலிருந்து திறக்கும் வழியையும் கேட்டு வையுங்கள்.

நீச்சல் தடாகத்தின் படத்தை மட்டும் பார்ப்பது

நகர ஹோட்டல்களில் பல தடாகங்கள் மொட்டைமாடியில், பெரியவர் இடுப்பளவு ஆழத்தில். சிறுபிள்ளைகளுக்கான ஆழமில்லாத பகுதி தனியாக உண்டா, இரண்டுக்கும் நடுவில் தடுப்பு உண்டா என்று கேளுங்கள். உயிர்காப்பாளர் இருந்தாலும் கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். சிறுபிள்ளை மூழ்குவது சத்தமில்லாமல், கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும்.

பஃபேயை நம்புவது

இரவுச் சாப்பாடும் சேர்த்த கட்டணம் லாபம் போலத் தெரியும். பஃபே திறப்பது ஏழரைக்கு. பிள்ளைக்குப் பசிப்பது ஆறரைக்கு. காலையிலும் இடியப்பம் இருக்கும், பக்கத்தில் சம்பலும் உறைப்புக் கறியும் இருக்கும். உறைப்பில்லாத சொதி இருக்கும் என்று நிச்சயமில்லை. ஆறு மணிக்குக் குழைந்த சோறும் பருப்பும் செய்து தருவீர்களா என்று சமையலறையிடம் கேட்டால், நல்ல இடங்களில் செய்து தருவார்கள். கேட்கும்போது தயங்குகிற இடத்தை நான் விட்டுவிடுகிறேன்.

உண்மையைச் சொன்னால், இந்த வயதுக்குச் சமையலறையோடு கூடிய சேர்விஸ் அபார்ட்மென்ட்தான் எனக்குப் பிடித்தது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் எடுத்தால் காலை ஆறரைக்கே சைவக்கடையில் இட்டலி வாங்கலாம், உடுப்பு கழுவ மெஷின் இருக்கும், பிள்ளை படுத்த பிறகு நாங்கள் இருட்டறையில் கிசுகிசுக்காமல் மற்ற அறையில் இருந்து கதைக்கலாம். தடாகமும் பூப்போட்ட துவாயும் இருக்காது. அதனால் என்ன?

விலை, காய்ச்சல், கரண்ட்

இணையத்தில் டொலர் விலையைப் பார்த்துப் பதிய முன் ஹோட்டலுக்கு நேரே போன் எடுங்கள். தேசிய அடையாள அட்டை உள்ளவர்களுக்குப் பல இடங்களில் உள்நாட்டு விலை வேறாக உண்டு. "பிளஸ் பிளஸ்" என்று போட்டிருந்தால் 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் மேலே வரும். சின்னப் பிள்ளைக்குக் காசில்லை என்பது அறைக்கு மட்டுமா, சாப்பாட்டுக்குமா என்பதையும் கேளுங்கள்.

ஜெனரேட்டர் முழுக் கட்டடத்துக்குமா, அறை ஏசிக்கும் உண்டா என்பதும் வீண் கேள்வியல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறை மின் உபநிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்குதான் காரணம் என்றார்கள். குரங்கு முன்கூட்டியே அறிவிப்பதில்லை.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே தடாக ஓரத்துப் பூச்சாடித் தட்டுகளில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு பார்வை, பகல் நித்திரைக்கும் நுளம்பு வலை. பையில் பரசிட்டமோல் சிரப்பும், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதியும் இருக்கட்டும். டெங்குச் சந்தேகம் இருந்தால் இபுபுறோஃபன் கொடுக்கக்கூடாது. கொழும்புக்குள் இருக்கும்போது ஒரு ஆறுதல், பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, அம்புலன்ஸுக்கு 1990. நகருக்கு வெளியே போவதென்றால், இரவில் குழந்தை வைத்தியர் இருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகுதான் நான் முற்பணம் கட்டுவது.

கடைசித் தடவை போனபோது மகள் வீட்டுத் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றேகாலுக்குப் படுத்தவள் மூன்று மணிக்குத்தான் எழும்பினாள். நானும் மனைவியும் சூடு ஆறாத தேத்தண்ணி குடித்தோம். மாமி போன் எடுத்து, அடுத்த முறை தானும் வரலாமா என்று கேட்டார்.