புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பற்றி எழுதுவது எப்படி? ஜேனட் ரௌலியை வைத்துப் பார்ப்போம்

விஞ்ஞானிகளைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகக் கட்டுரைகளில் பிறந்த ஊர், படித்த கல்லூரி, வாங்கிய விருது எல்லாம் வரிசையாக இருக்கும். சரி, அவர் என்னதான் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. கல்லூரி மலருக்கோ விக்கிப்பீடியாவுக்கோ எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் கேள்வியைப் பிடியுங்கள்: இவர் வருஷக்கணக்காக எதைத் தேடினார், அதைப் பற்றி அதுவரை மற்றவர்கள் என்ன நினைத்திருந்தார்கள்?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலியை எடுத்துக்கொள்வோம். சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை, ஜோடி ஜோடியாக இருக்கும்) வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை 1960இலேயே பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் பார்த்துவிட்டார்கள். அது 22ஆம் குரோமோசோம் என்பது பிறகு தெரிந்தது. குறைந்த துண்டு எங்கே போயிற்று? தொலைந்துவிட்டது என்றுதான் எண்ணினார்கள். 1970 வாக்கில் குரோமோசோம்களில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும்படி சாயமேற்றும் முறை வந்தது, ரௌலி அதை ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அப்படிச் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் 9ஆம் குரோமோசோம்களில் ஒன்று தன் ஜோடியைவிட நீளமாக இருப்பது கண்ணில் பட்டது. 22இல் காணாமல்போன துண்டு 9இன் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் ஒருவரிடம் மட்டுமல்ல, மற்ற சி.எம்.எல். நோயாளிகளிடமும் அதே இடமாற்றம். 1973இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்.

கட்டுரையில் பாதி இடத்தை இதற்கே கொடுத்தாலும் தப்பில்லை. 'புரட்சிகரமான கண்டுபிடிப்பு' என்று எழுதுவதைவிட அந்த மேஜையையும் கத்தரிக்கோலையும் காட்டுவது மேல்.

அடுத்தது வேலை வரலாறு. பல்கலைக்கழகப் பக்கங்களில் பதவிகள் மட்டும்தான் இருக்கும், இடைவெளிகள் இருக்காது, நீங்கள்தான் தேட வேண்டும். ரௌலி 1948இல் மருத்துவப் பட்டம் பெற்றார், நான்கு மகன்கள், பல வருஷம் பகுதிநேர வேலைதான். 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வாளர் லியான் ஜேக்கப்சனிடம் அவர் கேட்டது ஒரு மைக்ராஸ்கோப், ஓர் இருட்டறை, கொஞ்சம் சம்பளம். 1973இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது அவருக்கு வயது 48. நாற்பதைத் தாண்டியும் தற்காலிக வேலையில் இருக்கும் ஓர் ஆய்வாளர் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'புற்றுநோயை வென்றவர்' என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். நோயாளியின் வீட்டுக்காரர்களும் படிக்கிறார்கள். அந்த இடமாற்றத்தால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, நிற்காமல் வேலை செய்யும் ஒரு நொதி உண்டாகிறது என்பதை வேறு பலர் 1980களில் காட்டினார்கள். அந்த நொதியை அடக்கும் இமாடினிப் மாத்திரையை நோயாளிகளிடம் சோதித்ததில் ஓரிகன் மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் முன்னின்றார், 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1960, 1973, 2001 என்று ஆண்டுகளைப் போட்டு, யார் எதைச் செய்தார் என்று பிரித்து எழுதுங்கள். நம் வாசகர்களுக்கு இன்னொரு வரியும் சேர்க்கலாம்: இதே மருந்துக்கு நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது, அதனால் இங்கே விலை குறைந்த மாத்திரைகளுக்குத் தடை வரவில்லை.

அப்புறம், மரபணு என்ற பேச்சு வந்தாலே படிப்பவர் மனதில் வரும் முதல் பயம் 'என் பிள்ளைக்கும் வருமா?' என்பதுதான். அதற்குக் கட்டுரையிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். ரௌலி கண்ட இடமாற்றம் பிறந்த பிறகு ரத்த அணுக்களை உண்டாக்கும் ஒரு செல்லில் நடப்பது, பெற்றோரிடமிருந்து வருவதில்லை. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் ஆராய்ந்தது வேறு: குடும்பத்தில் தொடரும் மார்பகப் புற்றுநோய். அதற்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அவர் 1990இல் காட்டினார், மரபணுவையே பிரித்தெடுத்தது 1994இல் வேறொரு குழு. அந்த மரபணுவில் கோளாறு இருந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஆள் இப்போதும் வேலையில் இருப்பவர் என்றால் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பலர் பதில் போடுவார்கள். 'உங்கள் சாதனை என்ன?' என்று கேட்டால் பயோடேட்டாதான் வரும். எந்த முடிவை முதலில் நீங்களே நம்பவில்லை, அதை எப்படிச் சரிபார்த்தீர்கள், ஆய்வகத்தில் அந்த வேலையைக் கையால் செய்தது யார் என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையாவது நீங்களே படித்துவிடுங்கள், செய்தித்தாளில் வந்ததை மட்டும் நம்ப வேண்டாம்.

விருதுகள் கடைசியில், ஒரே வரியில் போதும். ரௌலிக்கு என்றால்: 1998இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது, நோவலோடும் இன்னொரு புற்றுநோய் ஆய்வாளரான ஆல்ஃப்ரெட் நட்சனோடும் பகிர்ந்துகொண்டது, 2009இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம், மறைவு 2013 டிசம்பர்.