பர்சனாலிட்டி டெஸ்ட்: விடை பிசகுவது எங்கே?

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டிக்கு நிற்கும் நேரத்தில் போனிலேயே ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட்டை முடித்துவிடலாம். ஐம்பது, அறுபது கேள்விகள், பத்து நிமிடம். வண்டி சூளகிரி தாண்டுவதற்குள் 'நான் ஐஎன்எஃப்ஜே' என்று, டெஸ்ட் தந்த நான்கெழுத்து ஆள்-வகையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் வைத்துவிடலாம். வைப்பதில் ஒன்றும் தவறில்லை. அந்த நான்கு எழுத்தைப் பிடித்துக்கொண்டு எந்த கோர்ஸ் படிப்பது, எந்த வேலையை விடுவது, யாரைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. டெஸ்ட்டுக்கு உங்களைத் தெரியாது. உங்களைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கூட்டிக் கழித்து உங்களிடமே திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். சொன்னது பிசகினால் விடையும் பிசகும். பெரும்பாலும் பதிலைத் தட்டும் அந்த நொடியிலேயே பிசகு நடந்துவிடுகிறது.

முதல் பக்கத்தைப் படிக்காமல் தாண்டுவது

ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் இலவசக் கேள்வித் தொகுப்பு ஒன்று உண்டு; சுருக்கமாக ஐபிஐபி என்பார்கள். இணையத்தில் கிடைக்கும் 50 கேள்வி, 120 கேள்வி டெஸ்ட்டுகள் பலவற்றுக்கு அதுதான் மூலம். அதன் வழக்கமான முன்குறிப்பு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, எதிர்காலத்தில் எப்படி இருக்க ஆசை என்பதை விட்டுவிட்டு இப்போது பொதுவாக எப்படி இருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். இரண்டு, உங்கள் வயதை ஒட்டிய, உங்கள் பாலைச் சேர்ந்த, உங்களுக்குத் தெரிந்தவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

இந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. அரூரிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன பெண் ஹாஸ்டல் தோழிகளோடு தன்னை ஒப்பிட்டால் 'நான் ரொம்ப அமைதி' என்று போடுவாள். அதே பெண் தீபாவளி லீவில் ஊருக்கு வந்து அத்தை மகள்களோடு ஒப்பிட்டால் 'நான்தான் வாயாடி' என்று போடுவாள். ஆள் மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. தொடங்கும் முன் உங்கள் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேரை, ஊரிலிருந்தும் வெளியிலிருந்தும் கலந்து, மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி வரை அதே ஆட்கள்தான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது

யாராவது எதையாவது சொன்னால் 'ஆமாங்க' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். மரியாதைக்கு அது நல்லது. டெஸ்ட்டில் அது என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஐபிஐபியின் 50 கேள்வி டெஸ்ட் ஐந்து குணங்களை அளக்கிறது: கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, மன அமைதி, புதியதை நாடும் அறிவார்வம். ஒவ்வொன்றுக்கும் 10 கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் 1 (கொஞ்சமும் பொருந்தாது) முதல் 5 (முழுக்கப் பொருந்தும்) வரை. ஆக ஒரு குணத்துக்குக் குறைந்தது 10, அதிகபட்சம் 50. சில கேள்விகளை வேண்டுமென்றே தலைகீழாக வைத்திருப்பார்கள். 'கூட்டத்தில் நான் இருந்தால் கலகலப்பு' என்பதற்கு நீங்கள் 4 போட்டால் 4 அப்படியே சேரும். 'நான் அதிகம் பேசமாட்டேன்' என்பதற்கு 4 போட்டால் 6-இலிருந்து 4-ஐக் கழித்து 2 மட்டும் சேரும்.

கலகலப்புக்கு நேர்க் கேள்வி 5, தலைகீழ்க் கேள்வி 5. ஆகவே எல்லாவற்றுக்கும் 5 போட்டவருக்கு 25-உம் 5-உம் சேர்ந்து 30 வரும், அதாவது நட்டநடு. பாதகமில்லை. ஆனால் அறிவார்வத்துக்கு நேர்க் கேள்வி 7, தலைகீழ் 3 மட்டுமே. தலையாட்டியவருக்கு 38 கிடைத்துவிடும். மன அமைதிக்கு நேர் 2, தலைகீழ் 8. அங்கே அவருக்கு வருவது 18. ஒரு கேள்வியைக்கூட யோசிக்காமல் தட்டியவருக்கு 'அறிவார்வம் மிக்கவர், ஆனால் எளிதில் கலங்குபவர்' என்று ரிப்போர்ட் வரும். அவரும் 'ஆமாம், நான் அப்படித்தான்' என்று நம்பிக்கொண்டு போவார்.

எதிர்மறை வாக்கியத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'நான் அதிகம் பேசமாட்டேன்' என்பதைப் படித்ததும், பேசாத சுபாவக்காரர் 'இல்லை, பேசமாட்டேன்' என்ற நினைப்பில் 'இல்லை' பக்கம் தட்டிவிடுவார். பேச்சில் இது சரி. கட்டத்தில் இது நேர் எதிர். மாட்டேன், இல்லை, முடியாது என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தோடும் 'என்பது உண்மையா' என்று சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். 'நான் அதிகம் பேசமாட்டேன் என்பது உண்மையா? உண்மை.' அப்புறம் தட்டுங்கள்.

நடுக்கட்டத்திலேயே ஒளிந்துகொள்வதும் தலையாட்டுவதற்கு அண்ணன் தம்பிதான். எல்லாவற்றுக்கும் 3 போட்டால் எல்லாமே 30. பத்துக்கு இரண்டு முறைக்கு மேல் 3 விழுந்தால் நிறுத்திவிட்டு, களைப்பா, கேள்வி புரியவில்லையா என்று பாருங்கள். ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த காலையில் இதை எழுதவே வேண்டாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, இருபது நிமிடம் யாரும் கூப்பிடாத நேரத்தில் எழுதுங்கள்.

மொழி தரும் தடுமாற்றம்

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு, பள்ளியில் தமிழ், டெஸ்ட் இங்கிலீஷில் என்று மூன்று மொழி தாண்டி வருபவர்கள் நிறையப் பேர். தமிழ் மட்டும் பேசும் வீட்டிலும் சிக்கல் உண்டு. 'கிரிட்டிகல்' என்றால் நமக்கு ஐசியூவில் இருப்பது. டெஸ்ட்டில் அது அடுத்தவரிடம் குறை காண்பது. போன் தானாக மொழிபெயர்க்கும் தமிழை நம்பி எழுதுவது இன்னும் மோசம், ஒரு 'இல்லை' காணாமல் போனால் அந்தக் கேள்வி முழுக்கத் தலைகீழாகிவிடும். இங்கிலீஷ் வாக்கியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, புரியாத சொல்லை மட்டும் தெரிந்தவரிடம் கேளுங்கள். பொருளை மட்டும் கேளுங்கள், 'நான் அப்படியா?' என்று கேட்டால் பதில் அவருடையதாகிவிடும்.

வாழ்க்கை முறையும் இடிக்கும். அதே 50 கேள்வியில் 'பார்ட்டிகளில் பலதரப்பட்டவர்களிடம் பேசுவேன்' என்று ஒன்று வரும். பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கணக்கு எழுதுகிறவர் எந்தப் பார்ட்டிக்குப் போவார்? 'நான் போவதே இல்லை' என்று 1 போட்டுவிடுவார், நாள் முழுக்க நூறு பேரிடம் பேரம் பேசுகிறவராக இருந்தாலும். அந்த இடத்தில் கடைசியாகப் போன கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, நேராக வண்டியை எடுத்தீர்களா? தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்களா? மாப்பிள்ளை வீட்டு ஆட்களிடமும் போய் எந்த ஊர் என்று விசாரித்தீர்களா? நிஜமாக நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நினைத்து எழுதினால் 'நான் இப்படிப்பட்டவன்' என்ற கற்பனை குறுக்கே வராது. 'வீட்டு வேலையை உடனே முடிப்பேன்' என்ற கேள்வியும் அப்படித்தான். அம்மாவே தட்டைக் கழுவிவைக்கும் வீட்டுப் பையன் அதற்கு 5 போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பது நியாயம்.

எழுத்தை ஜாதியாக்குவது

ஐஎன்எஃப்ஜே போன்ற எழுத்துகளைத் தரும் நான்கெழுத்து முறையான எம்பிடிஐக்கு (மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட்) அடிப்படை, உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட கருத்துகள். அதை வினாத்தாளாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த தாயும் மகளும்: கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. நான்கு அம்சம், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம், ஆக 16 வகை.

தவறு எங்கே என்றால், மனிதர்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நிற்பதில்லை. உயரம் மாதிரிதான், பெரும்பாலோர் நடுவாந்தரம். 165 சென்டிமீட்டரில் கோடு போட்டு மேலே 'நெட்டை', கீழே 'குட்டை' என்று பெயர் வைத்தால், 164-ம் 166-ம் வேறு வேறு ஜாதியாகிவிடும். 166-ம் 185-ம் ஒரே ஜாதியாகிவிடும். நடுக்கோட்டை ஒட்டி நிற்பவர் சில வாரம் கழித்து எழுதினால் ஓர் எழுத்து மாறிவிடுவது இதனால்தான். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். 52 சதவீதம் இன்ட்ரோவர்ட் (ஒதுங்கி இருக்கும் சுபாவக்காரர்) என்று வந்திருந்தால் நீங்கள் இன்ட்ரோவர்ட்டும் இல்லை, எக்ஸ்ட்ரோவர்ட்டும் இல்லை, நடுவில் இருக்கிறீர்கள்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 50-க்கு 32 வாங்கினால் அது 64 சதவீதம். 64 பர்சென்டைல் என்றால் நூறு பேரில் 64 பேர் உங்களுக்குக் கீழே என்று அர்த்தம். இரண்டும் வேறு. அந்த நூறு பேர் யார் என்பதும் முக்கியம். இணையத்தில் எழுதிய அமெரிக்கர்களோடு ஒப்பிட்டிருந்தால், ஊத்தங்கரையில் அந்த பர்சென்டைலுக்குப் பெரிய மதிப்பில்லை. எம்பிடிஐ ரிப்போர்ட்டில் வரும் எண்ணோ, அந்தப் பக்கம்தான் என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள் என்பதைத்தான் காட்டும். எவ்வளவு கலகலப்பானவர் என்பதை அல்ல.

'அப்படியே என்னைச் சொல்லுது!'

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'பிறர் உங்களை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள், ஆனால் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்வீர்கள்' என்பது போன்ற வரிகள் யாருக்குத்தான் பொருந்தாது?

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் முடிவை நண்பரிடமும், அவர் முடிவை உங்களிடமும், பெயரை மறைத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் தாளும் அதே அளவுக்குப் பொருந்தினால் இரண்டுமே ராசிபலன்தான். பத்துப் பொருத்தத்துக்குப் பதிலாக இந்த எழுத்துகளை வைத்து வரன் பார்ப்பவர்கள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும்.

படிப்புக்கும் வேலைக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் 'நீ இன்ட்ரோவர்ட், உனக்கு கம்ப்யூட்டர்தான்' என்று சொல்லிவிடுகிறார்கள். குணம் வேறு, ஆர்வம் வேறு, திறமை வேறு. படிப்புக்கு ஆர்வத்தை அளக்கும் டெஸ்ட்டே பொருத்தம். உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு வகை ஆர்வப் பட்டியல் அதற்கானது. அதையும் மதிப்பெண், கட்டணம், போக்குவரத்து எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆள் எடுப்பதற்கு எம்பிடிஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஓசூர் கம்பெனிகளுக்கு கேம்பஸ் இன்டர்வியூ போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே வரும் டெஸ்ட்டில் 'நான் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை' மாதிரி கேள்விகள் இருக்கலாம். நல்ல பெயர் வாங்க 5 போட்டால், மற்ற பதில்களையும் சந்தேகப்பட அதுவே காரணமாகிவிடும். ஒரே கேள்வியை வேறு வார்த்தையில் முப்பது கேள்வி தள்ளிக் கேட்பதும் உண்டு. நடிப்பவர்களுக்கு அங்கே ஞாபகம் தவறும்.

விரல் ரேகையும் செல் நம்பரும்

குழந்தையின் பத்து விரல் ரேகையை எடுத்து 'குணம், மூளைத்திறன், ஏற்ற படிப்பு' என்று வழவழப்பான புத்தகம் தருகிற டிஎம்ஐடி டெஸ்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டாதீர்கள். ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது. பிள்ளையின் குணத்தை அதிலிருந்து படிக்க அறிவியல் ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதையே சொல்லியிருக்கிறது. ரேஷன் கடையிலும் ஆதார் வழி பணம் எடுக்கும் இடத்திலும் கேட்கும் அதே ரேகையை முன்பின் தெரியாதவரிடம் பத்து விரலும் கொடுப்பது தனி ஆபத்து.

ஆன்லைனில் செல் நம்பரோ ஃபேஸ்புக் கணக்கோ கேட்கும் டெஸ்ட்டையும் மூடிவிடுங்கள். ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை அரசியல் பிரசாரத்துக்கு எடுத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் ஆப்பில்தான் தொடங்கியது. 2018-இல் ஃபேஸ்புக் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்தவர்கள் 335 பேர். நண்பர்கள் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.6 லட்சம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மன அமைதியில் குறைந்த மதிப்பெண் வந்தால் அது நோய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 'என் டைப்பே இப்படி' என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்பது அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

ஒரே முறை எழுதிவிட்டு நிறுத்துவது

முதல் முறை எழுதிய பதில்களை ஸ்கிரீன்ஷாட்டாகவோ நோட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். இடையில் வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், பழைய பள்ளித் தோழர் ஒருவர் என மூன்று பேரிடம் அதே கேள்விகளைக் கொடுத்து, உங்களைப் பற்றித் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஷாப்ஃப்ளோரில் குரலை உயர்த்தும் சூப்பர்வைசர் வீட்டில் வாயே திறக்காதவராக இருக்கலாம், இரண்டும் அவர்தான்.

50 மதிப்பெண் கணக்கில் 3, 4 ஏறி இறங்கினால் கண்டுகொள்ள வேண்டாம். 8, 10 என்று மாறியிருந்தால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கேள்விகளில் மாறியது என்று கேள்வி கேள்வியாகப் பாருங்கள். மாற்றம் முழுக்க 'மாட்டேன்', 'இல்லை' என்று முடியும் இரண்டு மூன்று கேள்விகளிலேயே இருந்தால், ஏதோ ஒரு முறை அவற்றைத் தலைகீழாகப் படித்திருப்பீர்கள். அவற்றை மட்டும் வாய்விட்டுப் படித்துத் திருத்தி, மறுபடி கூட்டிப் பாருங்கள்.