பிள்ளை வளர்க்கும் வீட்டில் குப்பை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தைக்குப் பை கொண்டு போங்கள், சொப்பிங் பாக்கை மடித்து வைத்துத் திரும்பப் பாவியுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். கிளினிக் வாங்கில் பிள்ளையோடு இருக்கும் இளம் தாய்மாரின் கதையைக் கேட்டால், நாங்கள் விட்ட அதே பிழைகளைத்தான் அவர்களும் விடுகிறார்கள். அதில் ஒன்றைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

துணி நாப்பியைத் தோய்க்கத் தெரியாமல் கைவிடுவது

பம்பஸ் செலவு தாங்காமல், குப்பையும் குறையட்டும் என்று, விலை கூடிய துணி நாப்பியை டசின் கணக்கில் வாங்குவார்கள். கொஞ்ச நாள் சந்தோசம். பிறகு ஒழுகத் தொடங்கும், பிள்ளைக்குத் தொடை சிவக்கும். "இது சரிவராது" என்று நாப்பியெல்லாம் அலுமாரிக்குள் போக, பம்பஸ் பைக்கற் திரும்பவும் வீட்டுக்கு வரும். குப்பையும் குறையவில்லை, காசும் போச்சு.

பிழை நாப்பியில் இல்லை, தண்ணீரில். வன்னியில் பல கிணறுகளில் கடினத் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள கல்சியம் கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகப் பிசுபிசுப்பான படிவுதான் வரும். அது நூலில் ஏறி உட்கார்ந்துவிடும். பார்வைக்குத் துணி சுத்தம், ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. மெதுமையாகட்டும் என்று கடைசியில் வாசனைத் திரவத்தில் வேறு நனைப்பார்கள். அதுவும் நூலில் படிந்து உறிஞ்சும் தன்மையை இன்னும் குறைக்கும்.

அயலில் ஒருத்தி இப்படி ஒரு கட்டு நாப்பியை எறியக் கொண்டு போனாள். ஒன்றை வாங்கி விரித்து, மேலே ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. "அக்கா, போன மாசம்தானே வாங்கினது!" என்றாள். அவ்வளவு காசுக்கு எத்தனை கிலோ மீன் வாங்கியிருக்கலாம், சொல்லுங்கள்.

கட்டிச் சவர்க்காரத்தை விட்டுவிட்டு அளவாக வோஷிங் பவுடர் போடுங்கள். தகரக் கூரைக்குப் பீலி பூட்டிப் பீப்பாயில் மழைத் தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது. அது மென்நீர். (பீப்பாயின் வாயைத் துணியால் கட்டுங்கள், நுளம்பு வரும்.) படிவு ஏறிய உள்துணியை அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஊறவைத்து, நுரை போகும்வரை அலசினால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஈரம் கசியாத வெளி உறையை மட்டும் அவிக்காதீர்கள், பழுதாகும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரைக்கும் தடித்த நாப்பி காயாது. அந்த நாட்களில் இரவுக்கு மட்டும் பம்பஸ் கட்டுங்கள், பகலில் துணி. ஒன்றும் குறைந்துவிடாது. உண்மையைச் சொன்னால் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்த துண்டுதான் என் முதல் தெரிவு. விரித்துப் போட்டால் மாரியிலும் அடுப்படிக் கொடியில் காய்ந்துவிடும், காசும் இல்லை.

பம்பஸைப் பின்வளவில் புதைப்பது

உள்ளே இருக்கும் ஜெல் தண்ணீரை இழுத்து ஊதும். மாரிக்குக் கிடங்கு நிரம்பினால் எல்லாம் மேலே வரும். நாய் முற்றத்துக்கு இழுத்து வரும். கிணறு பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். மலத்தைக் கக்கூசில் தட்டிவிட்டு, பம்பஸை இறுக்கிச் சுருட்டி, பிரதேச சபையின் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வரும்வரை மூடியுள்ள வாளியில் வையுங்கள். உழவு இயந்திரம் எட்டிப் பார்க்காத ஊரென்றால் துணிதான் வழி.

குப்பையை எரிப்பது

கூடாது. இலங்கையில் 2017இலிருந்து சட்டப்படியும் தடை.

திரிபோஷாவைக் கோழிக்குப் போடுவது

கிளினிக்கில் தருகிற 750 கிராம் சத்துமாப் பைக்கற்றைப் பிள்ளை தின்னாது என்று கோழிக்குக் கொட்டுகிற வீடுகள் உண்டு. கோழி நல்லாய்த்தான் இருக்கும்! பிள்ளையின் நிறை குறைவென்றுதான் அந்த மா வருகிறது. ஏற்கெனவே பக்குவப்படுத்திய மா, அவிக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து சின்ன உருண்டையாகப் பிடித்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். உடைத்த பைக்கற்றை அப்படியே விட்டால் வண்டு விழும், காற்றுப் புகாத போத்தலில் போடுங்கள்.

பிறந்தநாளுக்குப் பேப்பர் பிளேட்

வளவில் வாழை நிற்கும்போது எதற்கு?

யோகட் கப் சேர்ப்பது

பிள்ளை விளையாடட்டும். விளையாடி முடிந்ததும் உள்ளே எடுத்து வையுங்கள். ஒரு மழை பெய்தால் டெங்கு நுளம்புக்கு அந்தக் கப்பே காணும்.