கம்பனி நிறுத்திவிட்ட மணிக்கூட்டை வன்னியில் இருந்துகொண்டு வாங்குவது எப்படி

கிளிநொச்சியில் என் சித்தப்பா முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவர். காந்தப்புலம் வந்தால் பாடம் முடியும்வரை வெண்கட்டியைக் கீழே வைக்க மாட்டார். காந்தப்புலத்தை அளக்கும் அலகு கவுஸ், பத்தாயிரம் கவுஸ் ஒரு டெஸ்லா, பூமியின் காந்தப்புலம் அரைக் கவுஸ் அளவுதான் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அவருக்கு எழுபது வயதாகிறது என்று பேர்ணில் இருக்கிற மகனும் ரொறன்ரோவில் இருக்கிற மகளும் சேர்ந்து ஒரு நல்ல மணிக்கூடு வாங்கிக் கொடுக்க நினைத்தார்கள். எது விருப்பம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பெயர் ரோலெக்ஸ் மில்கவுஸ். ஆயிரம் கவுஸ் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். காந்தப்புலத்துக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்காக 1956இல் வந்தது. பிரச்சினை என்னவென்றால், ரோலெக்ஸ் அதை 2023 வசந்தத்தில் நிறுத்திவிட்டது. தேடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது, எனக்கு மணிக்கூடுகளில் சின்ன வயதிலிருந்தே பிடிப்பு. ஐந்து மாதம் தேடியதில் கற்றதை இங்கே எழுதுகிறேன், வேறு மணிக்கூடு தேடுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

முதலில், "நிறுத்திவிட்டார்கள்" என்பதை உறுதிப்படுத்துங்கள். ரோலெக்ஸ் ஒரு மாதிரியை நிறுத்தும்போது மேளம் அடித்து அறிவிப்பதில்லை. வசந்த காலத்தில் ஜெனீவாவில் நடக்கும் பெரிய மணிக்கூட்டுக் கண்காட்சியின்போது புதியவை வரும், பழையவை கம்பனியின் இணையப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆகவே விற்பவன் சொல்வதை நம்பாமல் கம்பனியின் பட்டியலை நீங்களே பாருங்கள். இன்னும் பட்டியலில் இருக்கிற மணிக்கூட்டையே "இனிக் கிடைக்காது" என்று சொல்லி விலை கூட்டுகிறவர்கள் உண்டு.

அடுத்தது அவசரம். இதில்தான் கனக்கப் பேர் காசை விடுகிறார்கள். நிறுத்திய செய்தி வந்த கிழமைகளில் விளம்பரம் போட்டவர்கள் எல்லாரும் விலையைத் தூக்கி வைப்பார்கள், வாங்குகிறவர்களும் பதறிப்போய் ஓடுவார்கள். பத்தேக் பிலிப் நோட்டிலஸ் 5711ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுத்தப்போகிறார்கள் என்று 2021 தொடக்கத்தில் தெரியவந்தபோது அதன் கடை விலை ஏறத்தாழ 35 ஆயிரம் டொலர், வெளிச் சந்தையில் அது ஒரு இலட்சம் டொலரைத் தாண்டி 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போனது, பிறகு மளமளவென்று இறங்கியது. உச்சியில் வாங்கியவர்கள் இன்றைக்கும் அதை நினைத்து வருந்துவார்கள். வருடக்கணக்கில் செய்து விற்ற மணிக்கூடு ஒரே நாளில் அருகிப்போகாது. மில்கவுஸ் பச்சைக் கண்ணாடியோடு 2007இலிருந்து 2023 வரை கடையில் இருந்தது, அவ்வளவும் யாரோ ஒருவரின் கையிலோ பெட்டகத்திலோ இருக்கிறது. இன்னொன்று, 1980களின் கடைசியில் ஒருமுறை நிறுத்திவிட்டு 2007இல் அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் இதே கம்பனிதான். ஆகவே "கடைசி வாய்ப்பு" என்ற சொல்லைக் கேட்டால் ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள்.

நீங்கள் கேட்பது எது என்பதையும் சரியாக முடிவுசெய்யுங்கள். பெயர் போதாது, மாதிரி இலக்கம் வேண்டும். எங்களுடையது 116400ஜீவி. ஜீவி என்பது பிரெஞ்சில் பச்சைக் கண்ணாடி. அதில் கறுப்பு முகப்பு உண்டு, 2014இல் வந்த நீல முகப்பும் உண்டு. ஜீவி இல்லாத வெறும் 116400 சாதாரணக் கண்ணாடியோடு வந்தது, அது இன்னும் முன்னரே நின்றுவிட்டது. மூன்றுக்கும் மூன்று விலை. ரோலெக்ஸின் இன்னொரு மாதிரியான எக்ஸ்புளோரர் 39 மில்லிமீற்றர் தேடுகிறவர் 214270 என்று தேட வேண்டும், அது 2021இல் நின்று 36க்கு மாறியது. பச்சை சப்மரீனர், அதுதான் ஹல்க் என்று சொல்கிறார்களே, 116610எல்வி, 2010இலிருந்து 2020 வரை.

இந்த இடத்தில் ஒன்றை மனதார யோசித்துப் பாருங்கள்: உங்களுக்கு வேண்டியது அந்த மணிக்கூடா, அது செய்கிற வேலையா? காந்தத்தைத் தாங்குவதுதான் நோக்கம் என்றால் ஒமேகாவில் 15,000 கவுஸ் தாங்குகிற மணிக்கூடுகள் இன்றைக்கும் கடையில் புதிதாகக் கிடைக்கின்றன. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அது நல்ல மணிக்கூடுதான், ஆனால் அதன் பெயரில் கவுஸ் இல்லையே" என்றார். சரி, பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கே தேடுவது? வன்னியில் கிடைக்காது, அதை ஒளிக்க ஒன்றுமில்லை. ஏ9 வீதியில் இருக்கிற மணிக்கூட்டுக் கடைகளில் சீக்கோவும் சிற்றிசனும் கசியோவும் இருக்கும், ரோலெக்ஸ் என்று காட்டினால் அது கொப்பி. ஆனால் எங்களிடம் வேறொரு பலம் இருக்கிறது. சுவிஸ், பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று எங்கள் ஆட்கள் இல்லாத நகரம் இல்லை. அந்த ஊர்க் கடைக்கு நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து, வட்ஸ்அப்பில் காட்ட ஒரு மச்சானோ பெறாமகளோ இருக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

விலை கூடினாலும் நிம்மதியான வழி, ரோலெக்ஸே சான்றளித்து விற்கும் பாவித்த மணிக்கூடுகள். 2022 கடைசியில் புகேரர் என்ற சுவிஸ் மணிக்கூட்டு வணிகரின் கடைகளில் இது தொடங்கியது. சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியாவில் தொடக்கத்திலேயே இருந்தது. கம்பனி பார்த்துச் சரிசெய்து இரண்டு வருட உத்தரவாதம் கொடுக்கும். அதற்கு அடுத்தபடி குரோனோ24 போன்ற தளங்கள். அங்கே காசை இடையில் பிடித்து வைக்கும் ஏற்பாடு உண்டு, மணிக்கூடு உங்கள் கைக்கு வந்து நீங்கள் பார்த்த பிறகுதான் விற்பவருக்குக் காசு போகும். அந்த ஏற்பாடு இல்லாத விளம்பரத்தைத் திறக்கவே வேண்டாம். தளங்களில் போட்டிருப்பது கேட்கிற விலைதான், விற்ற விலை அல்ல. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கலாம், ஒரு மாதம் அதைப் பார்த்துக் குறித்து வைத்தால் உண்மையான விலை பிடிபடும். மில்கவுஸை நிறுத்தியபோது அதன் அமெரிக்கக் கடை விலை ஒன்பதாயிரம் டொலருக்குச் சற்று மேலே இருந்தது. அதையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இனி விற்பவர். எங்களுக்கு முதலில் அகப்பட்ட மணிக்கூடு மற்றவற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவு. படங்கள் பளிச்சென்று இருந்தன, பெட்டி, அட்டை எல்லாம் காட்டியிருந்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: முட்களை 4 மணி 37 நிமிடத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு கடதாசியில் இன்றைய திகதியையும் எங்கள் பெயரையும் எழுதி ஒரு படம் அனுப்புங்கள். மூன்று நாள் சாட்டுச் சொன்னார். மணிக்கூடு வங்கிப் பெட்டகத்தில் என்றார், பிறகு வெளியூர் போகிறேன் என்றார், பிறகு முற்பணம் போட்டால் உடனே எடுப்பேன் என்றார். அந்தப் படங்கள் வேறொருவரின் பழைய விளம்பரத்திலிருந்து எடுத்தவை என்று பிறகு கண்டுபிடித்தோம். ஆகவே எந்த நேரத்தில் முள் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கேளுங்கள். உண்மையில் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு நிமிட வேலை.

நாங்கள் வாங்கியதைப் பார்க்கப் போனது பேர்ணில் இருக்கிற தம்பிதான். கடையின் மேசை விளக்கை வாங்கிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். சங்கிலி வந்து சேர்கிற நான்கு காதுகளும் ஒரே தடிப்பாக இருக்கின்றனவா, விளிம்பு கூராக இருக்கிறதா என்று பாருங்கள். கனக்கத் தடவை மினுக்கிய மணிக்கூட்டில் காது மெலிந்து, விளிம்பு கரைந்த சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டிருக்கும். கீறல் இருந்தால் இருக்கட்டும், மினுக்கிய உலோகம் திரும்ப வராது. சங்கிலியைப் பக்கவாட்டாக நீட்டிப் பிடித்தால் வளைந்து தொங்கக் கூடாது. கழற்றிய கண்ணிகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள், மெலிந்த கைக்காரர் கழற்றித் தொலைத்திருந்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் நல்ல விலை.

கண்ணாடியின் பச்சை நேராகப் பார்த்தால் தெரிந்தும் தெரியாமலும், ஓரத்தில் சரித்துப் பார்த்தால் நன்றாகவும் தெரிய வேண்டும். இப்போதைய மற்ற ரோலெக்ஸ் கண்ணாடிகளில் 6 மணிப் பக்கத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத சின்னக் கிரீடம் ஒன்று பொறித்திருக்கும். மில்கவுஸின் பச்சைக் கண்ணாடியில் அது கிடையாது. போலி செய்கிறவர்களில் சிலர் இது தெரியாமல் கிரீடத்தையும் போட்டுவிடுகிறார்கள், அதைக் கண்டால் அப்படியே எழும்பி வாருங்கள். வினாடி முள் செம்மஞ்சள் நிற மின்னல் வடிவம், வினாடிக்கு எட்டுத் தட்டு என்பதால் ஏறத்தாழ வழுக்கிக்கொண்டு போகும்.

தெரிந்த திருத்துநர் ஒருவர் பின்மூடியைத் திறந்து காட்டினால் இன்னும் நல்லது, நீங்களாகத் திறக்க வேண்டாம், திறக்கத் தெரியாதவர் திறந்தால் நீர் புகாத அடைப்புக் கெட்டுப்போகும். எங்களுக்கு அந்தக் கடையின் திருத்துநரே திறந்தார். மூடிக்கு உள்ளே இன்னொரு மூடி, காந்தத்தைத் தடுக்கிற மென்னிரும்புக் கவசம், அதன் மேலே பீ எழுத்து, எழுத்துக்கு மேலே அம்புக்குறி. அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். காந்தப்பாய அடர்த்தியின் குறியீடு என்று நான் விளக்கம் எழுத முன்னமே பதில் வந்தது: "அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், காவிக் கணியம் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்." அளவோடு திசையும் உள்ளது என்பதுதான் அதன் பொருள்.

துடிப்பை அளக்கிற கருவியிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரோலெக்ஸ் 2015க்குப் பிறகு சொல்கிற கணக்கு நாளுக்கு இரண்டு வினாடி முன்பின். நாளுக்கு பத்து, பதினைந்து வினாடி ஓடினால் பழுது பார்க்கிற செலவை விலையில் கழியுங்கள்.

அட்டையில் உள்ள தொடர் இலக்கமும், முகப்பைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் 6 மணிக்கு அருகே பொறித்த இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. 2010 வாக்கிலிருந்து அந்த இலக்கத்தை வைத்து வருடம் சொல்ல முடியாது, விற்ற திகதி அட்டையில்தான் இருக்கும். அந்தத் திகதியிலிருந்து ஐந்து வருட உத்தரவாதம் என்பதால் 2023 தொடக்கத்தில் விற்ற மில்கவுஸுக்கு 2028 தொடக்கம் வரை கம்பனி பொறுப்பு. வெறும் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள், பெட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. பிறகு அந்த இலக்கத்தை லண்டனில் இருக்கிற தி வாட்ச் ரெஜிஸ்டரில் கொடுத்துக் களவு போனதா என்று பாருங்கள். சின்னக் கட்டணம் உண்டு. களவு மணிக்கூடு என்று தெரிந்தால் காசும் போகும், மணிக்கூடும் போகும்.

காசு அனுப்புவதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் காசு மாற்றுகிற வழியில், அனுப்பாதீர்கள். வீட்டுச் செலவுக்கு அனுப்பிப் பழகிப்போன வழிதான், ஆனால் இதில் ஏதும் பிழைத்தால் கேட்பதற்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. இலங்கையிலிருந்து வெளியே காசு அனுப்புவது என்றால் வங்கி காரணமும் ஆவணமும் கேட்கும். ஆகவே வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையே தன் கணக்கிலிருந்து வங்கி அட்டையிலோ தளத்தின் இடைக்காப்பிலோ கட்டுவதுதான் நல்லது, பற்றுச்சீட்டில் தொடர் இலக்கம் எழுதி வாங்க வேண்டும். பாவித்த மணிக்கூட்டில் பயணிக்கான வரி மீளளிப்பைக் கணக்கில் வைக்க வேண்டாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் வணிகரின் இலாபத்தில் மட்டும் வரி போட்டு விற்பார்கள், திரும்ப வாங்க ஒன்றும் இருக்காது. பிரித்தானியாவில் 2021இலிருந்து பயணிக்கு வரி திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடே எடுபட்டுவிட்டது.

தபாலில் போட வேண்டாம், ஊருக்கு வருகிற ஆளின் கையில் வரட்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கத்தின் சிவப்பு வழியால் போய்ப் பற்றுச்சீட்டைக் காட்டிச் சொல்லுங்கள். கட்ட வேண்டியதைக் கட்டினால் பின்னர் விற்கவோ காப்புறுதி செய்யவோ அந்தக் கடதாசி உதவும். தம்பி சித்திரை விடுமுறைக்கு வந்தபோது அப்படித்தான் கொண்டுவந்தார்.

வன்னிக்கு வந்த பிறகு பார்க்க வேண்டியது இரண்டு. கிறவல் வீதிப் புழுதியும் வியர்வையும் சங்கிலிக் கண்ணிகளுக்குள் புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும், கிழமைக்கு ஒருக்கா இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெல்லிய பல்துலக்கியால் கழுவுங்கள். கழுவ முன் சாவி கொடுக்கிற திருகு இறுக மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். கிணற்றடியில் குளிக்கும்போது கழற்றி வைக்கத் தேவையில்லை, நூறு மீற்றர் தாங்கும், கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்தால்தான் ஆபத்து. சித்தப்பா கழற்றுவதில்லை. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போதும் கட்டியிருக்கிறார், பின்னேரம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மேசையில் சட்டக் காந்தத்தை வைத்து, அதன் மேலேயே மணிக்கூட்டுக் கையையும் வைத்து, வினாடி முள் நிற்கிறதா பாருங்கள் என்று காட்டுகிறார்.