பிபிசி மைக்ரோ: அச்சுப்பொறியும் வேர்ட்வைஸும் முரண்டு பிடிக்கும்போது

அரை மணி நேரம் உட்கார்ந்து தட்டச்சிட்ட கடிதம் தாளில் ஒரே வரியின்மேல் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டுக் கரிய பட்டையாக வந்து நின்றால், அச்சுப்பொறி கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பிபிசி மைக்ரோவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பழுதே அன்று; கணினியும் அச்சுப்பொறியும் ஒரே வேலையை "நீ செய்வாய்" என்று ஒன்றன்மீது ஒன்று விட்டுவிட்டதன் விளைவு. இந்தப் பொறியில் வரும் அச்சுத் தொல்லைகளில் பாதிக்குமேல் இவ்வகைப்பட்டவை என்பது என் அனுபவம். ஆகவே திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன், தவறு கேபிளுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, அல்லது இரண்டுக்கும் இடையிலான உடன்பாட்டிலா என்று தீர்மானித்துக்கொள்வதே முறை.

கேம்பிரிட்ஜில் இயங்கிய ஏகார்ன் நிறுவனம் பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி இது. 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்கும் இதுவே வந்தது என்பதால், நம்மவர்களில் சிலருக்கு முதல் கணினியும் இதுவாக இருந்திருக்கும். கீழே சொல்பவை 32 கிலோபைட் நினைவகம் கொண்ட மாடல் பி, ஊசிகளால் புள்ளி புள்ளியாக எழுத்தை அடிக்கும் எப்சன் வகை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி, வேர்ட்வைஸ் அல்லது வியூ என்னும் சொற்செயலி ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளை இங்கே காட்டியுள்ளபடியே இட வேண்டும்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த பொறியாக இருந்தால், அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மின்வழங்கிப் பெட்டிக்குள் சி1, சி2 என்று குறிக்கப்பட்ட இரண்டு மின்தேக்கிகள் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். அவற்றின் உறை காலப்போக்கில் வெடிப்புவிட்டு ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்வதால், பொறியை இயக்கிச் சில நிமிடங்களில் குபுகுபுவென்று புகை கிளம்பி அறை முழுவதும் நாறிவிடும். வீட்டு மின்சாரம் நேரடியாகப் பாயும் இடம் அது. பழக்கம் இல்லாதவர்கள் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அவற்றை மாற்றிக்கொள்வதே நல்லது.

அடுத்து, அச்சுப்பொறியைக் கணினியிலிருந்து முற்றிலும் பிரித்துவிட்டுத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். பல எப்சன் அச்சுப்பொறிகளில் லைன் ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இயக்கினால், அதுவே தன் எழுத்துகளை எல்லாம் வரிசையாக அடித்துக் காட்டும். இந்தச் சோதனைத் தாள் சரியாக வந்தால் ஊசித்தலையும் மோட்டாரும் ரிப்பனும் நலம். எழுத்துகளின் ஊடே வெண்கோடு ஓடினால் ஓர் ஊசி அடிக்கவில்லை என்று பொருள். எல்லாமே மங்கலாக இருந்தால் ரிப்பன் காய்ந்திருக்கிறது. இவை இரண்டுக்கும் கணினியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

சோதனைத் தாள் நன்றாக இருந்தும் கணினியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால், இரண்டையும் அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள். மின்சாரம் ஓடும்போதே கேபிளைச் செருகிப் பிடுங்கும் பழக்கம்தான் இந்த இணைப்புத் துறையின் (போர்ட்டின்) சிப்புகளைக் கொன்ற முதல் எதிரி. இணைகேபிளுக்கான 26 முள் சாக்கெட் கணினியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கணினியோடு வரும் பேசிக் நிரல்மொழியில் நின்றுகொண்டு *எஃப்எக்ஸ்5,1 என்று கொடுத்தால் வெளியீடு அந்த இணைவழித் துறைக்குத் திரும்பும். 2 என்றால் தொடர்வழித் துறை. 0 என்றால் வருவதையெல்லாம் வாங்கிக் காற்றில் விட்டுவிடும். பிறகு விடியு 2 என்று கொடுத்து, ஆங்கில எழுத்துகள் ஏ முதல் ஹெச் வரை எட்டையும் பிரிண்ட் கட்டளையால் அச்சிட்டு, விடியு 3 என்று முடியுங்கள். விடியு 2 அச்சுப்பொறியைத் திறக்கும்; விடியு 3 மூடும்.

இந்த எட்டு எழுத்துச் சோதனை எளியதாகத் தோன்றினாலும் கேபிளின் சாதகத்தையே கணித்துச் சொல்லிவிடும். ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண் குறியீடாக மாறி, எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்டாகப் போகிறது. முதல் தரவுக் கம்பி அறுந்து, அச்சுப்பொறியின் பக்கம் அது எப்போதும் 1 என்றே தெரியுமானால், இரட்டைப்படைக் குறியீடு கொண்ட ஒவ்வோர் எழுத்தும் அடுத்த எழுத்தாக மாறிவிடும். பி என்பதன் குறியீடு 66. அது 67 ஆகி சி என்று விழும். ஆக, தாளில் ஏ, சி, சி, ஈ, ஈ, ஜி, ஜி, ஐ என்று வரும். அதே கம்பி எங்கோ தரையோடு ஒட்டிக்கொண்டு எப்போதும் 0 ஆகிவிட்டாலோ, @, பி, பி, டி, டி, எஃப், எஃப், ஹெச் என்று வரும். பெரிய எழுத்துகள் எல்லாம் சிறிய எழுத்துகளாகி, வரியும் முறியாமல் நீண்டுகொண்டே போனால், 32 என்ற மதிப்புக்குரிய ஆறாவது கம்பியைப் பாருங்கள். 13 என்ற வரித்திருப்பக் குறி அந்தக் கம்பியின் கோளாறால் 45 ஆகி, வெறும் சிறுகோடாக விழுகிறது. கணினிப் பக்கத்துச் சாக்கெட்டில் 3 முதல் 17 வரையிலான ஒற்றைப்படை முட்கள்தான் இந்த எட்டுக் கம்பிகளும். 1ஆம் முள் 'எழுத்து வருகிறது' என்று தட்டிச் சொல்வது. 19ஆம் முள் அச்சுப்பொறி 'வாங்கிக்கொண்டேன்' என்று திருப்பிச் சொல்வது. இவ்விரண்டில் ஒன்று அறுந்தாலும் அச்சு நடக்காது.

வேறு கேபிள் மாட்டியும் அதே தவறு தொடர்ந்தால், பலகையில் ஐசி69 என்று குறிக்கப்பட்ட, இணைவழித் துறையை ஆளும் 6522 சிப்பையும், அதற்கும் சாக்கெட்டுக்கும் இடையில் நிற்கும் 74எல்எஸ்244 சிப்பையும் சந்தேகிக்கலாம். "கணினி மற்றபடி நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற வாதம் இங்கே செல்லாது. மாடல் ஏ பொறிகள் அந்த 6522 இல்லாமலேயே விற்கப்பட்டன, ஓடவும் செய்தன.

தொடர்வழி அச்சுப்பொறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்தச் சாக்கெட்டின் ஐந்து துளைகளும் பகடையின் ஐந்து புள்ளிகளைப் போல அமைந்திருப்பதால், செருகியைத் தலைகீழாகவும் மாட்டிவிட முடியும். மாட்டினால் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறிவிடும். முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். பிறகு *எஃப்எக்ஸ்5,2 கொடுத்து, வேகத்தை *எஃப்எக்ஸ்8 கட்டளையால் அச்சுப்பொறியின் வேகத்தோடு பொருத்துங்கள். 9600 பாட் என்றால் 7, 1200 என்றால் 4.

இனி, தொடக்கத்தில் சொன்ன கரிய பட்டைக்கு வருவோம். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு குறிகள் உண்டு: ஊசித்தலையை இடக்கோடிக்குக் கொண்டுவரும் 13, தாளை ஒரு வரி மேலே தள்ளும் 10. பிபிசி மைக்ரோ இரண்டாவதை அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் விழுங்கிவிடும்படி ஆலையிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. 13 வந்தவுடன் அச்சுப்பொறியே தாளைத் தள்ளிக்கொள்ளும் என்பது அதன் நம்பிக்கை. அச்சுப்பொறியில் தானாகத் தாள் தள்ளும் டிப் சுவிட்ச் அணைந்திருந்தால், தள்ளுவதற்கு ஆள் இல்லை. எல்லா வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். *எஃப்எக்ஸ்6,0 என்று கொடுத்தால், விழுங்க வேண்டிய குறி 10 அல்ல, 0 என்று கணினி மாற்றிக்கொண்டு, தாள்தள்ளும் குறியைத் தவறாமல் அனுப்பும். இதற்கு மாறாக ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு வெற்று வரி வந்தால், இருவருமே தள்ளுகிறார்கள். *எஃப்எக்ஸ்6,10 கொடுங்கள், அல்லது சுவிட்சை அணையுங்கள். சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு வேலையைக் கணினியிடம் கொடுப்பதையே நான் விரும்புவேன். அதே அச்சுப்பொறியை நாளை வேறு கணினியோடு இணைத்தால் குழப்பம் வராது. சுவிட்சின் எண் மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால் அச்சுப்பொறியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் அச்சுப்பொறியை ஒருமுறை அணைத்து இயக்கினால்தான் அது புதிய அமைப்பைப் படிக்கும்.

அச்சிடச் சொன்னவுடன் கணினியே உறைந்து நிற்பது இன்னொரு பயமுறுத்தல். அச்சுப்பொறி 'ஆன்லைன்' நிலையில் இல்லாதபோது எழுத்துகள் கணினிக்குள் 64 பைட் அளவுள்ள சிறிய தேக்கத்தில் சேர்கின்றன. அது நிரம்பியதும் இடம் காலியாகும்வரை கணினி காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆன்லைன் பொத்தானை அழுத்துங்கள், அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி விட்டுவிடச் சொல்லுங்கள். பதற்றத்தில் மின்சாரத்தை அணைத்தால் எழுதியதெல்லாம் போய்விடும். கணினியை மறுதொடக்கம் செய்யும் பிரேக் விசையை அழுத்திவிட்டிருந்தால்கூட வேர்ட்வைஸ் மறுபடி வரும்போது பழைய உரை வேண்டுமா என்று கேட்கும். 'ஒய்' என்று பதில் கொடுத்தால் பெரும்பாலும் உரை திரும்பிவிடும்.

வேர்ட்வைஸே வரவில்லை என்றால்? *ஹெல்ப் என்று கொடுத்து, பொறியில் உள்ள ரோம்களின், அதாவது வேர்ட்வைஸ் போன்ற நிரல்கள் பதிந்த சிப்புகளின், பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லையென்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, ரோம் சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து மறுபடி பதியுங்கள். நாள்பட்ட சாக்கெட்டுகளில் கால்கள் கறுத்துத் தொடர்பு விட்டுப்போவது சாதாரணம். பெயர் இருந்தும், வேர்ட்வைஸை அழைக்கும் *டபிள்யூ. என்ற சுருக்கத்துக்கு வேறொன்று எழுந்து வந்தால் வியப்படைய வேண்டாம்: வியூவை அழைக்கும் கட்டளையும் அதே எழுத்தில் தொடங்குவதால், உயர்ந்த எண்ணுள்ள சாக்கெட்டில் இருப்பது முந்திக்கொள்கிறது. முழுப் பெயரையும் கொடுத்து அழையுங்கள்.

வேர்ட்வைஸில் அச்சுக் கட்டளைகள் உரைக்குள்ளேயே எழுதப்படுகின்றன. எஃப்1 விசை பச்சை நிறத்தில் கட்டளையைத் தொடங்கும். எஃப்2 வெள்ளைக்குத் திருப்பி அதை முடிக்கும். எஃப்2வை மறந்தால், அதே பத்தியில் பின்னால் வரும் சொற்களையும் கட்டளை என்று எண்ணிக்கொண்டு அச்சில் விட்டுவிடும். வண்ணத் திரையில் இது பளிச்சென்று தெரியும். ஒற்றை நிறத் திரையில் பச்சைக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே தாளில் அரை வாக்கியம் காணாமல் போயிருந்தால், அந்த இடத்துக்கு முன்னுள்ள கட்டளையின் முடிவில் எஃப்2 இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகத் தட்டச்சிடும் எழுத்து பழைய எழுத்தைத் தின்றுகொண்டே போவது பழுதன்று. எஃப்0 விசையால் மேலெழுதும் நிலைக்கு மாறியிருக்கிறீர்கள், மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும்.

பக்க முறிவு ஒவ்வொரு தாளிலும் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே போனால், தாளின் நீளத்தை எண்ணுங்கள். அங்குலத்துக்கு ஆறு வரி என்ற கணக்கில் 11 அங்குலத் தொடர்தாளுக்கு 66 வரி. ஏ4 தாளுக்கு 70. பின்னதற்குப் பிஎல்70 என்ற கட்டளையை உரையின் தலையில் இடுங்கள். அச்சுப்பொறியில் துளைக்கோட்டைத் தாண்டிக் குதிக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பக்கம் பிரிக்கும் வேலையை ஒருவரே பார்க்கட்டும். பவுண்டுக் குறிக்குப் பதில் ஒற்றைச் சிறு சாய்குறி (`) விழுவதும் இதே இனத்தைச் சேர்ந்த சண்டை: பிபிசியில் அதன் குறியீடு 96, பிரிட்டிஷ் எழுத்துத் தொகுதிக்கு மாற்றப்பட்ட எப்சனிலோ 35. ஓசி27,82,3 என்று கட்டளையிட்டு அந்தத் தொகுதிக்கு மாற்றிவிட்டு, பவுண்டு வேண்டிய இடத்தில் # குறியை இடுங்கள்.

வியூவில் அடிக்கோடும் தடித்த எழுத்தும் அச்சில் வராமல் போனால், கட்டளைத் திரையில் பிரிண்டர் என்ற சொல்லுக்கு எதிரே 'டிஃபால்ட்' என்று நிற்கிறதா என்று பாருங்கள்; உங்கள் அச்சுப்பொறிக்குரிய இயக்கிக் கோப்பை ஏற்றாத வரையில் அவை வாரா. உரைக்கு இடம் போதவில்லை என்றால் திரைமுறைதான் குற்றவாளி. வட்டு இணைத்த மாடல் பி-யில் 80 எழுத்து அகலமுள்ள மோட் 3 திரை நினைவகத்தில் 16 கிலோபைட்டை எடுத்துக்கொண்டு, உரைக்கு 9,984 பைட், அதாவது நான்கைந்து பக்கத்துக்கான இடத்தையே விடுகிறது. மோட் 7 திரையில் அதுவே 25,344 பைட். நீண்ட உரையை மோட் 7இல் எழுதி முடிப்பதே வழி.

உரையைச் சேமிக்கும்போது 'டிஸ்க் ஃபுல்' என்று வந்தால் கையை அடக்குங்கள். வட்டில் துண்டுதுண்டாகக் கிடக்கும் இடத்தை ஒன்றுசேர்க்க *காம்பாக்ட் கட்டளை இருப்பது நினைவுக்கு வரும். ஆனால் அது தன் வேலைக்கு எடுத்துக்கொள்வது உங்கள் உரை இருக்கும் அதே நினைவகத்தைத்தான். நான் ஒருமுறை வட்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்து பார்த்தபோது, சேமிக்க வேண்டிய ஒன்பது பக்கத்தில் ஒரு வரிகூட எஞ்சவில்லை. வேறு வட்டைச் செருகி முதலில் சேமியுங்கள். சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியான பின், *எஃப்எக்ஸ்6,0 போன்றவற்றை ஒவ்வொரு நாளும் தட்டச்சிடாமல் இருக்க ஒரு தொடக்கக் கோப்பைச் செய்துவையுங்கள். மின்சாரம் நின்றவுடன் பொறி அவற்றை மறந்துவிடும். *பில்ட் !பூட் என்று தொடங்கி, முதல் வரியில் *எஃப்எக்ஸ்6,0 என்றும், அடுத்த வரியில் வேர்ட்வைஸை அழைக்கும் கட்டளையையும் இட்டு, எஸ்கேப் விசையால் முடியுங்கள். பிறகு *ஆப்ட்4,3 கொடுங்கள். மறுநாள் அந்த வட்டைச் செருகி, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி பிரேக்கை அழுத்தினால், அச்சுப்பொறியோடு செய்த உடன்பாடும் சேர்ந்தே வேர்ட்வைஸ் திரை எழுந்து நிற்கும்.