நன்கொடை கேட்பதற்கு முன்னும் பெற்ற பின்னும்

பல்கலைக்கழகத்திற்கு நிதி திரட்டும் பொறுப்பை ஏற்பவர் முதலில் முன்னாள் மாணவர் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். இறந்தவரின் பெயருக்கு வேண்டுகோள் மடல் போய்ச் சேர்ந்தால், அக்குடும்பத்தின் நல்லெண்ணத்தை மீட்பது மிகக் கடினம்.

ஒரு முன்னாள் மாணவரிடம் பெருந்தொகை கேட்பதற்கு முன், அவர் எத்துறையில் பயின்றார், முன்பு எதற்குக் கொடுத்தார், எதைப் பற்றி ஆர்வத்துடன் பேசுகிறார் என்பவற்றை அறிந்துகொள்ளுங்கள். முதற்சந்திப்பிலேயே தொகையைச் சொல்ல வேண்டாம். கேட்கும் நாளில் நோக்கத்தையும் தொகையையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, அவர் பதில் கூறும்வரை அமைதியாக இருங்கள். அந்த அமைதியைத் தாங்க இயலாமல் தாமாகவே தொகையைக் குறைத்துவிடுபவர்கள் உண்டு.

நிரந்தர வைப்புநிதியாகக் கொடுக்க விரும்புவோருக்கு அதன் கணக்கைப் பொறுமையாக விளக்குங்கள். மூலத்தொகை முதலீட்டில் இருக்க, ஆண்டுதோறும் அதில் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காட்டை மட்டும் செலவிடுவது பரவலான நடைமுறை என்பதால், ஒரு மாணவரின் ஆண்டுச் செலவை முழுமையாக ஏற்க அச்செலவைப் போல் 20 முதல் 25 மடங்கு தொகை தேவைப்படும். கொடையின் நோக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதும்போதே, பிற்காலத்தில் அந்நோக்கம் நிறைவேற்ற இயலாததாகிவிட்டால் நிதியை எதற்குத் திருப்பலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். துறைகள் இணைக்கப்படுவதும் மூடப்படுவதும் அரிதல்ல.

ரசீது வேறு, நன்றி மடல் வேறு. இரண்டையும் தாமதமின்றி அனுப்புங்கள். ஆண்டுக்கொருமுறை நிதி செலவான விதத்தை எழுதுங்கள். உதவி பெற்ற மாணவரின் விவரங்களை அவரது ஒப்புதலுடன் மட்டுமே குறிப்பிடுங்கள். அந்த அறிக்கையோடு அடுத்த வேண்டுகோளை இணைக்காதீர்கள்.