ஒழுங்கையில் போட்ட வடிகானுக்குக் கொடுத்த காசு தகுமா? நீங்களே கணக்குப் பாருங்கள்

கொழும்பில் ஒரு வேலை முடிந்தால் பலகையில் செலவுத்தொகையைப் போடுவார்கள், நாமும் "இவ்வளவு காசா" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவோம். அந்தத் தொகையை மட்டும் பார்த்துக் கோபப்படவும் முடியாது, பாராட்டவும் முடியாது. எத்தனை மீற்றருக்கு, எத்தனை வருடத்துக்கு, அதனால் என்ன மாறியது என்று தெரிந்தால்தான் பேசலாம்.

முதலில் சின்ன வேலை ஒன்றைப் பிடியுங்கள். துறைமுகம், நெடுஞ்சாலை எல்லாம் அப்புறம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நீங்கள் தினமும் நடக்கிற ஒழுங்கையின் வடிகான் போதும், ஏனென்றால் அதை நாடா பிடித்து நீங்களே அளக்கலாம்.

சரி, அந்த வேலையின் செலவுக் காகிதங்கள் எப்படிக் கிடைக்கும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வடிகானைப் போட்ட அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "வடிகான் பற்றிய விவரம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். ஆரம்ப மதிப்பீடு, பி.ஓ.கியூ (ஒவ்வொரு வேலைக்கும் பொருளுக்கும் அளவும் விலையும் போட்ட பட்டியல்), டெண்டரில் வந்த விலைகள், கடைசியாகக் கொடுத்த பில், இடையில் சேர்த்த மேலதிக வேலைகள், வருடாந்தப் பராமரிப்புச் செலவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இனிக் கணக்கு. விளங்குவதற்காக நானே ஒரு தொகை வைக்கிறேன். முதல் வடிகான் 200 மீற்றர், 60 இலட்சம் ரூபாய், அதாவது மீற்றருக்கு 30,000. இரண்டாவது 150 மீற்றர், 54 இலட்சம், மீற்றருக்கு 36,000. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் அதற்குச் சரியான மூடி இல்லை, குப்பையும் மணலும் விழுந்து வருடாவருடம் துப்புரவுக்கு 3 இலட்சம் போகிறது, இரண்டாவதற்கு 60,000 போதும். பத்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்: முதலாவது 90 இலட்சம், மீற்றருக்கு 45,000, இரண்டாவது 60 இலட்சம், மீற்றருக்கு 40,000. குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டால் மக்களின் காசு மிச்சம் என்று நம்புகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கட்டாயம் காட்டுங்கள். ஒப்பிடும்போது அகலம், ஆழம், கட்டிய வருடம் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், 2021 விலையையும், பொருள் விலை எகிறிய 2022க்குப் பிந்திய விலையையும் அப்படியே பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

அடுத்தது பயன். வடிகான் போட்டது தண்ணீர் வடிவதற்கு. மே மாத மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் முன்பு தண்ணீர் எத்தனை மணிநேரம் நின்றது, இப்போது எத்தனை மணிநேரம் நிற்கிறது என்று கடைக்காரரிடமும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்திலும் கேட்டுத் திகதியோடு எழுதுங்கள், படமும் எடுங்கள்.

ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அமைச்சுகளும் திணைக்களங்களும் வெளியிடும் வருடாந்த செயலாற்றுகை அறிக்கையில் "நிதி முன்னேற்றம் 95%" என்று இருந்தால் வேலை 95% நன்றாக நடந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஒதுக்கிய காசில் 95% செலவாகிவிட்டது, அவ்வளவுதான். பௌதிக முன்னேற்றம், அதாவது களத்தில் உண்மையில் முடிந்த வேலை, என்ற நிரலைத் தேடுங்கள், அதிலும் "200 மீற்றர் கட்டப்பட்டது" என்று மட்டும் இருந்தால் தண்ணீர் வடிகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கைகளும் இணையத்தில் தமிழில் கிடைக்கின்றன, உங்கள் வேலையைச் செய்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு முந்திய வருட அவதானிப்புகளைப் படியுங்கள், ஒரே குறை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, பில்லின் பிரதியை இணைத்து, உங்கள் வட்டார உறுப்பினரிடம் கையில் கொடுங்கள், பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்குங்கள். அடுத்த ஒக்டோபர் மழைக்கு நாடாவோடும் கொப்பியோடும் மறுபடி ஒழுங்கையில் இறங்க வேண்டியிருக்கும்.